சிறுநீரக நோயாளிகளுக்காக ஒரு குடும்ப விழா: பினாங்குக் குழுக்களின் கேள்விகளும் பதில்களும்

பினாங்கில் ரத்தச் சுத்திகரிப்பு (டயாலிசிஸ்) மையம் நடத்தும் ஓர் அறநிறுவனத்துக்காக, வட்டாரக் குழுக்கள் உணவுச் சந்தையும் விளையாட்டும் சேர்ந்த விழாக்கள் நடத்தி நிதி திரட்ட இருக்கின்றன. அந்தக் குழுக்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில்.

ஆயர் ஈத்தாம், இளைஞர் மன்றம்: வணக்கம் அக்கா. இருபது பேர் இருக்கிறோம், கையில் 1,500 வெள்ளி (ரிங்கிட்). எங்கே தொடங்குவது?

கடிதத்தில் தொடங்குங்கள், தம்பி. அறநிறுவனத்தின் பெயரில் உங்கள் குழு நிதி திரட்டலாம் என்று அந்த நிறுவனமே எழுதித் தர வேண்டும். விழா நாள், இடம், பணம் சேர வேண்டிய வங்கிக் கணக்கு எல்லாம் அதில் இருக்கட்டும். மாநகர் கழகம், போலீஸ், மண்டபக்காரர், நன்கொடையாளர் என்று யாரிடம் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான். அது கைக்கு வராமல் ஒரு கூப்பன்கூட அச்சடிக்காதீர்கள்.

அடுத்தது இலக்கு. ரத்தச் சுத்திகரிப்பு வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம். ஆண்டுக்கு 156 முறை. உதவித்தொகை எல்லாம் கழித்து ஒரு முறைக்கு நோயாளி தலையில் எவ்வளவு விழுகிறது என்று மையத்திடம் கேளுங்கள். பேச்சுக்கு 60 வெள்ளி என்று வைத்தால், ஒருவருக்கு ஆண்டுக்கு 9,360 வெள்ளி. “இரண்டு பேரின் ஓராண்டுச் சிகிச்சை, 18,720 வெள்ளி” என்று பதாகையில் போடுங்கள். எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்தால் கை தாராளமாக நீளும்.

அந்த 1,500 வெள்ளி மேடை அலங்காரத்துக்கு அல்ல. அனுமதிக் கட்டணம், கூப்பன் அச்சு, மண்டப முன்பணம் இவற்றுக்கு மட்டும். மற்றதைப் பொருளாகக் கேளுங்கள். பந்தல்காரரிடம் காசு கேட்டால் 50 வெள்ளி தருவார். பந்தலைக் கேட்டால் பந்தலையே தருவார். அரிசி, எண்ணெய், எரிவாயு, தண்ணீர் எல்லாம் இப்படி வந்துவிட்டால், அன்று மக்கள் தரும் ஒவ்வொரு சென்னும் நோயாளிக்குப் போகும். விழாவில் புரண்ட பணம் பெரிதல்ல, மையத்தில் கொண்டுபோய்க் கொடுத்த பணம்தான் கணக்கு.

பட்டர்வொர்த், பெற்றோர் சங்கம்: எந்த மாதம் நல்லது?

ஆடியில் கல்யாணம் இல்லை, மண்டபங்கள் காலியாகக் கிடக்கும். வாடகையைக் குறைத்துக் கேட்க அதுதான் நேரம். புரட்டாசியில் நம்மவர்களில் பாதிப் பேர் சைவம், வாழை இலைச் சாப்பாடு நன்றாக விற்கும். ஆனால் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை பினாங்கில் மழை அதிகம், திடலை நம்பாதீர்கள். ரமலான் மாதம், சீனப் புத்தாண்டு வாரம், தைப்பூச வாரம் மூன்றையும் விட்டுவிடுங்கள். தேதியை முடிவு செய்ததும் மாநகர் கழகத்துக்கும் போலீசுக்கும் விண்ணப்பம் போய்விட வேண்டும். எட்டு வாரம் கையில் இருந்தால் அலைச்சல் இல்லை.

ஜெலுத்தோங்: நுழைவுச் சீட்டு விற்பதா, கூப்பன் விற்பதா?

நுழைவு இலவசம், உள்ளே கூப்பன். என் முடிவான கருத்து இது. ஐந்து பேர் உள்ள குடும்பம் வாசலில் 50 வெள்ளி கேட்டால் திரும்பிவிடும். அதே குடும்பம் உள்ளே வந்தால் 70 வெள்ளிக்குச் சாப்பிடும்.

20 வெள்ளிக் கூப்பன் புத்தகம் ஒன்றில் இரண்டு வெள்ளித் தாள் 6, ஒரு வெள்ளித் தாள் 8. கடைகளில் எல்லா விலையும் முழு வெள்ளியாக இருக்கட்டும். ஒவ்வொரு தாளிலும் வரிசை எண், சங்க முத்திரை, “பணமாக மாற்றித் தரப்படாது” என்ற வரி. வண்ணத் தாளில் அச்சடியுங்கள். வெள்ளைத் தாளை யாரும் நகல் எடுத்துவிடலாம். கடைக்காரர் வாங்கியவுடன் மூலையைக் கிழித்து உறையில் போட வேண்டும், இல்லையென்றால் அதே கூப்பன் இன்னொரு கடைக்கு நடந்து போகும்.

பணம் காணாமல் போவது பெரும்பாலும் முன்விற்பனையில்தான். “அண்ணே, பத்துப் புத்தகம் கொடுங்க, ஆபீசில் விற்றுத் தருகிறேன்” என்று வாங்கிப் போனவரிடமிருந்து புத்தகமும் வராது, காசும் வராது. கெட்ட எண்ணம் இருக்காது, மறதிதான். ஒரு நோட்டில் பெயர், எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை, கையெழுத்து, திருப்பித் தரும் நாள் என்று எழுதி வாங்குங்கள். விழாவுக்கு ஏழு நாளுக்கு முன்பே விற்காததும் விற்ற காசும் வந்து சேர வேண்டும். சொந்த அண்ணனாக இருந்தாலும் கையெழுத்து வேண்டும்.

குளுகோர், சமையல் பொறுப்பு: 300 பேர் வருவார்கள். எவ்வளவு சமைப்பது?

300 பேரும் ஒரே பண்டத்தை வாங்க மாட்டார்கள், அக்கா. ஆறு கடை இருந்தால் ஒவ்வொன்றிலும் 100 தட்டு போதும். 100 தட்டு மீ கோரேங்குக்கு ஈர மஞ்சள் மீ 15 கிலோ. 100 இலைச் சாப்பாட்டுக்கு அரிசி 10 கிலோ. தே தாரிக் 150 குவளைக்கு 500 கிராம் டின்பால் 11 டின்.

அளவைவிட வேகம்தான் தலைவலி. ஒரு வாணலியில் ஒரு தடவைக்கு 8 தட்டு, ஏழு நிமிடம் என்றாலும் மணிக்கு 70 தட்டைத் தாண்டாது. மதியம் 12 மணிக்கு எல்லாரும் ஒன்றாக வந்து நிற்பார்கள், வரிசை நீண்டால் போய்விடுவார்கள். மீ கடைக்கு இரண்டு வாணலி, இரண்டு அடுப்பு வையுங்கள். எரிவாயுத் தோம்பு பந்தலுக்கு வெளியே நிற்கட்டும், பக்கத்தில் ஒரு தீயணைப்பான் இருக்கட்டும்.

தேங்காய்ப்பால் சேர்த்த எதையும் விடியற்காலை சமைத்து மூடி வைக்காதீர்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரைப்படி, சமைத்த உணவு அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. சூடாக வைப்பதென்றால் 60 பாகைக்கு மேல். நம் ஊர் வெயிலில் இதில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க முடியாது. நாசி லெமாக் சோற்றை இரண்டு தவணையாக வடியுங்கள். உணவைக் கையாள்பவர்கள் டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், உணவு கையாள்வோர் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். வீட்டுச் சமையலில் கைதேர்ந்த ஆச்சிகளுக்கும் இது பொருந்தும். ஊசி போடாதவர்களைக் கூப்பன் மேசையில் உட்கார வையுங்கள்.

முஸ்லிம் நண்பர்களும் வருவார்கள் என்றால் ஹலால் உணவுக்கு ஹலால் சமையல்காரரையே கூப்பிடுங்கள். பாத்திரமும் அவருடையதாக இருக்கட்டும்.

பாயான் பாரு: வெயிலுக்கு இளநீரும் நட்சத்திரப் பழச்சாறும் விற்கலாம் என்று இருக்கிறோம்.

தயவுசெய்து நட்சத்திரப் பழம் வேண்டாம். மையத்து நோயாளிகளும் குடும்பத்தோடு வருவார்கள். அந்தப் பழத்தில் உள்ள நச்சைக் கெட்டுப்போன சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. நிற்காத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு, உயிருக்கே ஆபத்து. கொஞ்சம்தானே என்று நினைக்கக்கூடாது. இளநீரில் பொட்டாசியம் அதிகம், அது அவர்களின் இதயத் துடிப்பைக் கெடுக்கும். மற்றவர்களுக்கு இளநீர் விற்கலாம், ஆனால் “சிறுநீரக நோயாளிகளுக்கு அல்ல” என்று பெரிய எழுத்தில் பலகை வையுங்கள். இன்னொன்று: நோயாளி வேண்டாம் என்றால் “இன்னும் ஒரு டம்ளர் குடிங்க” என்று வற்புறுத்த வேண்டாம். ஒரு நாளைக்கு எவ்வளவு நீர் என்று மருத்துவர் அவர்களுக்கு அளந்து கொடுத்திருக்கிறார். நம் உபசரிப்பே அவர்களுக்கு வினையாகிவிடக்கூடாது.

சுங்கை டுவா: பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் என்ன விளையாட்டு வைக்கலாம்?

காசும் கூட்டமும் ஒன்றாகச் சேர்வது வடம் இழுத்தலில். எட்டுப் பேர் குழு, ஒரு குழுவுக்கு 80 வெள்ளி. கடைக்குக் கடை, தாமானுக்குத் தாமான் (குடியிருப்புக்குக் குடியிருப்பு) மோதவிட்டால் அவரவர் ஆட்களே பார்வையாளராக வந்துவிடுவார்கள். கயிறுதான் முக்கியம். முறையான வடம் 33.5 மீட்டருக்குக் குறையாது, சுற்றளவு 10 முதல் 12.5 சென்டிமீட்டர். வன்பொருள் கடை நைலான் கயிறு இழுபட்டு அறுந்தால் சாட்டைபோல அடிக்கும். கையிலோ இடுப்பிலோ கயிற்றைச் சுற்ற யாரையும் அனுமதிக்காதீர்கள், விரல் போய்விடும்.

உறியடிக்கு ஐந்து மீட்டர் வட்டம் கயிறு கட்டி, உள்ளே அடிப்பவரும் நடுவரும் மட்டும். ஒவ்வொரு பானை உடைந்ததும் ஓட்டைக் கூட்டிய பிறகே அடுத்தவர். வெறுங்காலோடு ஓடிவரும் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

பூத்தொடுக்கும் போட்டி செலவில்லாதது: ஆளுக்கு 100 கிராம் மல்லிகை, நூல், பத்து நிமிடம். தொடுத்த சரங்களை அங்கேயே ஏலம் விடலாம். கோயிலில் ஏலம் கேட்டுப் பழகிய நம் மக்கள் உற்சாகமாகக் கேட்பார்கள். ஆனால் கேட்ட தொகையை அன்றே செலுத்த வேண்டும் என்று ஏலம் தொடங்கும் முன்பே ஒலிபெருக்கியில் சொல்லிவிடுங்கள். பிறகு போய்க் கேட்பது இருவருக்கும் சங்கடம்.

பாலிக் பூலாவ்: அதிர்ஷ்டக் குலுக்கல் சீட்டு 5 வெள்ளிக்கு விற்றால் நல்ல வசூல் வருமே?

வரும், ஆனால் காசு வாங்கிக்கொண்டு சீட்டு விற்றுக் குலுக்கினால் அது லாட்டரி. 1952 ஆம் ஆண்டு லாட்டரிச் சட்டத்தின் கீழ் நிதி அமைச்சின் அனுமதி வேண்டும். சிறிய குழு அதில் இறங்க வேண்டாம். திறமைக்குப் பரிசு கொடுங்கள். கண்ணாடிப் புட்டியில் எத்தனை கொண்டைக்கடலை என்று மதிப்பிடுவதும் பாதி அதிர்ஷ்டம்தான், அதைவிடக் கோலப்போட்டி தெளிவானது.

ஜார்ஜ்டவுன்: லிட்டில் இந்தியாவில் உண்டியல் ஏந்தி நிற்கலாமா?

போலீஸ் உரிமம் இல்லாமல் கூடாது. தெருவிலும் வீடு வீடாகவும் வசூலிப்பதற்கு 1947 ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. மாவட்டப் போலீஸ் தலைவரிடம் விண்ணப்பியுங்கள். கோயில் வளாகம் என்றால் நிர்வாகத்தின் எழுத்துபூர்வ சம்மதமும் வேண்டும். உண்டியலுக்கு எண், முத்திரைத் தாள், ஏந்துபவருக்கு அடையாள அட்டை. பிள்ளைகளைத் தனியாக அனுப்ப வேண்டாம்.

செந்தூல், கோலாலம்பூர் (பினாங்குக்கு வெளியிலிருந்து வந்த கேள்வி): கியூஆர் வைத்தால் பணம் எண்ணும் வேலை இல்லையே?

குறையும், போகாது. கைப்பேசியில் ஸ்கேன் செய்து பணம் அனுப்பும் டூயிட்நவ் கியூஆர் அறநிறுவனத்தின் கணக்குக்கே போக வேண்டும். பொருளாளரின் சொந்தக் கணக்கு ஒரு மணி நேரத்துக்குக்கூட வேண்டாம். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் பேச்சு அவர்மேல்தான் வரும். ஒட்டிய கியூஆர் மேல் இன்னொன்றை ஒட்டிவிட்டுப் போகும் திருடர்கள் இருக்கிறார்கள். அரை மணிக்கு ஒரு முறை ஒருவர் தானே ஸ்கேன் செய்து, திரையில் அமைப்பின் பெயர் வருகிறதா என்று பார்க்கட்டும். மேசையில் காட்டுவது வெறும் ஸ்கிரீன்ஷாட்டா, உண்மையில் பணம் வந்ததா என்பதையும் கணக்குப் பார்ப்பவர் சரிபார்க்க வேண்டும்.

ரொக்கத்தை எப்போதும் இரண்டு பேர் எண்ண வேண்டும், இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக்கூடாது. எண்ணி, தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, உறையை ஒட்டிய பிறகே அடுத்த உண்டியல்.

புக்கிட் மெர்தாஜாம்: தமிழ்நாட்டிலிருந்து ஒரு பாடகரைக் கூப்பிட்டால் கூட்டம் வரும் அல்லவா?

கூட்டம் வரும், காசு மிஞ்சாது. விமானம், விடுதி, இசைக்குழு, ஒலி அமைப்பு எல்லாம் போக நோயாளிக்கு என்ன இருக்கும் என்று தாளில் போட்டுப் பாருங்கள். வெளிநாட்டுக் கலைஞர் என்றால், அவர்களின் நிகழ்ச்சிகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான புஸ்பாலின் அனுமதியும் வேண்டும். நம் ஊர் உறுமி மேளக் குழுவும் பள்ளிப் பிள்ளைகளின் நடனமும் போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னால் ஆறு உறவினர் வருவார்கள்.

பாட்டு ஒலிபரப்பு பற்றியும் கேட்டிருந்தீர்கள். லாப நோக்கற்ற அமைப்பு, அறப்பணிக்காக, நுழைவுக் கட்டணம் இல்லாத இடத்தில் ஒலிக்கச் செய்தால் 1987 ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் விலக்கு தருகிறது. நுழைவை இலவசமாக வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

தாமான் துன் சார்டோன், தாதி: இலவசப் பரிசோதனை மேசை போடலாமா?

கட்டாயம் போடுங்கள், சகோதரி. 2023 ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. சிறுநீரகம் செயலிழப்பதற்கு நம் நாட்டில் முதல் காரணமே அதுதான். ரத்தச் சர்க்கரை பார்க்கும் ஊசி ஆளுக்கொன்று, பயன்படுத்தியதும் மஞ்சள் பெட்டிக்குள். ரத்த அழுத்தம் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். சுத்திகரிப்புக்காக ரத்தக்குழாய் இணைத்த கையில் பட்டையைக் கட்டவே கூடாது. எண்ணைச் சொல்லி அனுப்பிவிடாமல், கூடுதலாக இருந்தால் எந்த அரசு சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும் என்று எழுதிய தாளைக் கையில் கொடுங்கள். மேசையை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் போடாதீர்கள், பேசவே முடியாது.

ஆயர் ஈத்தாம், மறுபடியும்: ஒரு நோயாளியை மேடையேற்றிப் பேச வைத்தால் மனம் இளகும் என்கிறார்கள்.

அவராக விரும்பிக் கேட்டால் மட்டும். படம் எடுப்பதற்கும் எழுதிய சம்மதம் வேண்டும். உதவி பெறுகிறோம் என்பதற்காக அவர் அழுதுகாட்டக் கடன்பட்டவர் அல்ல. மையத்துத் தாதி ஒருவர் ஒரு நாள் சிகிச்சை எப்படி நடக்கிறது என்று ஐந்து நிமிடம் சொல்லட்டும், போதும்.

ஜெலுத்தோங், மறுபடியும்: வரிவிலக்கு ரசீது கேட்கிறார்கள். முடிந்த பிறகு கணக்கை எப்போது காட்டுவது?

வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற நிறுவனமே அந்த ரசீதைத் தர முடியும், குழு தர முடியாது. தனிநபர் தன் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழிக்கலாம். மீ கோரேங் வாங்கியதற்கு ரசீது கிடையாது, பொருள் பெறாமல் கொடுத்த நன்கொடைக்குத்தான். பெயர், அடையாள அட்டை எண், தொகை மூன்றையும் அன்றே எழுதி வாங்கி நிறுவனத்திடம் ஒப்படையுங்கள்.

பணம் அடுத்த வேலை நாளே வங்கிக்குப் போகட்டும். இரண்டு வாரத்துக்குள் வரவு, செலவு, ஒப்படைத்த தொகை, பொருளாகக் கொடுத்தவர்கள் பட்டியல் நான்கையும் ஒரே பக்கத்தில் அச்சடித்து, பந்தல் கொடுத்தவரிலிருந்து பூத்தொடுத்த பாட்டி வரை எல்லாருக்கும் அனுப்புங்கள். நிறுவனத்தின் ரசீது நகலையும் அதோடு இணையுங்கள்.