கீழூரில் கேட்கப்படாதவர்கள்

அன்புள்ள ஐயா,

நவம்பர் 1, புதுச்சேரி விடுதலை நாளில் பள்ளியில் பேச வேண்டும் என்று ஒன்பதாவது படிக்கும் என் பேரன் குறிப்பு கேட்டான். வீட்டுக் கதையும் சொன்னேன். என் பெரியப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவச் சிப்பாய். இந்தோசீனாவில் (இன்றைய வியட்நாம் பக்கம்) இருந்தவர். புதுச்சேரி இந்தியாவுடன் இணைந்த பிறகும் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சு நேஷனாலிட்டியையே வைத்துக்கொண்டார். கடைசிவரை பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 அன்று மெடல்களைக் குத்திக்கொண்டு கடற்கரைக்குப் போவார். கேட்டுவிட்டுப் பையன், “அப்படின்னா அவரு துரோகியா தாத்தா?” என்றான். எனக்குப் பதில் வரவில்லை. எங்களுக்கு எதுதான் விடுதலை நாள் என்பதிலும் குழப்பம்: ஆகஸ்ட் 15ஆ, 16ஆ, நவம்பர் 1ஆ?

ஆர்., முத்தியால்பேட்டை

அன்புள்ள ஆர்.,

தேதியை முதலில் முடித்துவிடலாம். 1947 ஆகஸ்ட் 15 அன்று புதுச்சேரி பிரான்சின் கையில்தான் இருந்தது. நிர்வாகம் கைமாறியது 1954 நவம்பர் 1. சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16. நடுவில் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் ஏன் என்று பையன் கேட்டால், அப்போது பிரான்சிடமிருந்து விடுதலை கேட்டுப் போரிட்ட அல்ஜீரியாவைக் காட்டுங்கள். ஒப்பந்தம் 1956 மே மாதமே கையெழுத்தாகிவிட்டது. ஆனால் அங்கே போர் நடக்கும்போது இங்கே ஓர் ஊரைச் சட்டப்படி விட்டுக்கொடுக்கப் பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு மனம் வரவில்லை. 1962இல் அல்ஜீரியாவே கைவிட்டுப் போன பிறகுதான் நம் கோப்பு நகர்ந்தது.

1954ஐயும் இப்படித்தான் பார்க்க வேண்டும். அந்த மே மாதம் வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை வீழ்ந்தது. ஜூலையில் அந்தப் போரை முடித்த ஜெனீவா உடன்பாடு. அக்டோபரில் புதுச்சேரியில் இணைப்பு வாக்கெடுப்பு. எந்தப் போரில் உங்கள் பெரியப்பா பிரான்சுக்காக நின்றாரோ, அதில் பிரான்ஸ் தோற்றது நம் விடுதலையைக் கிட்டத்தில் கொண்டுவந்தது. உள்ளூர்ப் போராட்டம் இல்லாமல் எதுவும் நடந்திருக்காது. ஆனால் நம் விழா மேடைகளில் வியட்நாமியரை ஒருவரும் நினைப்பதில்லை.

இனி துரோகம். 1954 அக்டோபர் 18, வில்லியனூருக்கு அப்பால் கீழூரில் வாக்கெடுப்பு. வாக்களித்தவர்கள் 178 பேர். இணைப்புக்கு 170, எதிராக 8. பள்ளிப் பேச்சுகளில் இதை ‘மக்கள் தீர்ப்பு’ என்பார்கள். அந்த 178 பேரும் சட்டமன்ற, நகரமன்ற உறுப்பினர்கள். வங்காளத்தில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சந்திரநாகூரின் மக்கள் 1949இல் நேரடியாக வாக்களித்தார்கள். புதுச்சேரி மக்களுக்கு அந்த வாய்ப்பு தரப்படவில்லை. கேட்டிருந்தால் பெரும்பான்மை இணைப்பையே சொல்லியிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனாலும் கேட்கவில்லை.

சாதாரணப் புதுச்சேரிக்காரரை ஆள் ஆளாகக் கேட்டது ஒரே இடத்தில்தான். 1962இல் ஒப்பந்தம் நடப்புக்கு வந்ததும், இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம். உங்கள் பெரியப்பா எழுதிக் கொடுத்தார். இரண்டு அரசுகளும் சேர்ந்து கேட்ட கேள்விக்கு ஒருவர் சொன்ன பதில் எப்படித் துரோகம் ஆகும்? பென்ஷன்தான் காரணம் என்றாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ரத்தம் சிந்திச் சம்பாதித்த பென்ஷன் அது.

கட்சி மாறியவர்களை ஊர் எப்படி நடத்தியது என்று பாருங்கள். எதுவார் குபேர் 1951இல் பாரிஸ் நாடாளுமன்றத்துக்குப் பிரெஞ்சிந்தியாவின் உறுப்பினராகப் போனவர். பிரான்சின் பக்கம் நின்ற கட்சியின் தலைவர். 1954 மார்ச்சில் சட்டென்று இணைப்பின் பக்கம் வந்தார். 1963இல் புதுச்சேரியின் முதல்வர். கடற்கரைச் சாலைக்கும் பெரிய மார்க்கெட்டுக்கும் அவர் பெயர். நான் அவரைக் குறை சொல்லவில்லை (கொஞ்சம் சொல்கிறேன்). காற்றுத் திசை அறிந்தவருக்குச் சாலை, அறியாத சிப்பாய்க்குத் துரோகி என்றால் அந்தத் தராசு சரியில்லை.

இதனால் பிரெஞ்சு ஆட்சி நல்ல ஆட்சி என்று பையன் முடிவுகட்டிவிட வேண்டாம். 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியின் சவானா பஞ்சாலைத் (மில்) தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். கேட்டது எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும். பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். பாரிஸில் அப்போது இடதுசாரிகள் ஆட்சி, வேடிக்கை! மறு ஆண்டே சட்டம் வந்தது. எட்டு மணி நேர வேலை சட்டமான இடங்களில் ஆசியாவிலேயே புதுச்சேரிதான் முதல் என்பார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையாவும் அந்தத் தொழிலாளர்களும் அதைப் பெற்றது கொடி மாறுவதற்கு 17 ஆண்டுகள் முன்னால். என்னைக் கேட்டால் புதுச்சேரியின் முதல் விடுதலை நாள் ஜூலை 30. தொழிற்சங்கத்தார் இன்றும் அஞ்சலி செலுத்துகிறார்கள். அரசு விழாக்களின் பகட்டு அதற்குக் கிடையாது. அந்த மில்லும் மூடிக் கிடக்கிறது.

பேச்சுக்கு ஐந்து நிமிடம்தான் தருவார்கள். கீழூரில் 178 பேர் என்பதைச் சொல்லட்டும், 12 பேரைச் சொல்லட்டும், நேரமிருந்தால் பெரியப்பாவையும் சொல்லட்டும். ஆசிரியர் எதையாவது வெட்டினால் எதை வெட்டினார் என்று எனக்கு எழுதுங்கள்.