முதலில் ஊரைப் பிடியுங்கள்: அயர்லாந்து முன்னோர் தேடல், கேள்வி-பதில்

அயர்லாந்து முன்னோரைப் பற்றிக் கேட்டு வரும் கடிதங்கள் பெரும்பாலும் இரண்டு வகை. சென்னை, திருச்சிப் பக்கத்து ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் எழுதுபவை ஒரு வகை. வெளிநாட்டில் பிள்ளைக்கோ பெண்ணுக்கோ அயர்லாந்து வம்சாவளித் துணை அமைந்த வீட்டுப் பெரியவர்கள், பேரப்பிள்ளைக்காகக் கேட்டு எழுதுபவை இன்னொரு வகை. இரண்டு வகையிலும் சிலவற்றை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அப்பா மதராஸ் ஃபியூசிலியர்ஸ் படையில் சிப்பாய். ‘அயர்லாந்து, கார்க்’ என்பது மட்டும்தான் வீட்டில் தெரியும். கார்க்கில் யாருக்கு எழுதிக் கேட்பது? (பெரம்பூர் வாசகர்)

இப்போதைக்கு யாருக்கும் எழுத வேண்டாம். கவுண்டி என்பது நம் மாவட்டம் போல; அயர்லாந்தின் 32 கவுண்டிகளில் கார்க்தான் பெரியது. டவுன்லாண்ட் எனப்படும் சின்னஞ்சிறு ஊர்ப் பிரிவுகள் அங்கே மட்டும் 5,000-க்கு மேல் இருக்கின்றன. தீவு முழுக்க 60,000-க்கு மேல். அந்த நாட்டில் பழைய பதிவுகள் எல்லாமே ஊரை வைத்துத்தான் எழுதப்பட்டன. ஊர் தெரியாமல் ‘ஜான் மர்ஃபி, கார்க்’ என்று தேடினால் நூறு ஜான் மர்ஃபி வருவார்கள். அதில் உங்களவர் யார் என்று யாராலும் சொல்ல முடியாது.

உங்கள் விஷயத்தில் ஊர்ப்பெயர் அயர்லாந்தில் கிடைப்பதைவிடப் படைப் பதிவில் கிடைக்கத்தான் வாய்ப்பு அதிகம். மதராஸ் ஃபியூசிலியர்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஐரோப்பியப் படைப்பிரிவு. 1862-ல் அரசியின் படையில் 102-வது ரெஜிமெண்டாகச் சேர்க்கப்பட்டு, 1881-ல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாலியன் ஆனது. கம்பெனி ஆள் எடுத்தபோதே ஒவ்வொருவரின் வயது, பழைய தொழில், சொந்த இடம் எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். அந்தப் பதிவேடுகள் லண்டனில் பிரிட்டிஷ் லைப்ரரியின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. மதராஸ் மாகாணத்து ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்களும் அங்கேதான். அரசியின் படையில் ஓய்வூதியம் வாங்கியவர் என்றால் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அவருடைய விடுவிப்புத் தாளைத் தேடுங்கள். இன்ன பங்கில் (ஒரு கோவிலுக்கு உட்பட்ட பகுதி), இன்ன ஊரிலோ அதன் அருகிலோ, இன்ன கவுண்டியில் பிறந்தவர் என்று அதில் ஒரு வரி இருக்கும். உங்களுக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான்.

ஒரு எச்சரிக்கை. கத்தோலிக்கச் சடங்குகள் எல்லாமே லண்டனுக்கு நகல் அனுப்பப்படவில்லை. அதனால் படை தங்கியிருந்த இடத்துக் கத்தோலிக்கக் கோவில் பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள். மதராஸில் அந்தக் காலத்தில் கத்தோலிக்க ஆயராக இருந்தவரே அயர்லாந்துக்காரர்தான்: ஜான் ஃபென்னெலி, 1841 முதல் 1868 வரை. அயர்லாந்து சிப்பாய்க்கு ஆன்மிகக் காரியங்கள் இங்கேயும் தன் நாட்டுப் பாதிரிமார் கையால்தான் நடந்திருக்கும்.

1922 தீயில் அயர்லாந்து ஆவணங்கள் எல்லாம் எரிந்துவிட்டன, தேடுவது வீண் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

தீ உண்மை. டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்துக்குள் இருந்த பொது ஆவணக் காப்பகம், உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், 1922 ஜூன் 30 அன்று வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான நான்கு சென்சஸ்களும் பெரும்பாலும் அதில் போயின. உயில்கள் போயின. அயர்லாந்து திருச்சபையின் (புரொட்டஸ்டண்ட்) பங்குப் பதிவேடுகளில் ஏறக்குறைய பாதி போயிற்று.

ஆனால் வீண் என்பது தவறு. இந்தப் பேச்சைக் கேட்டுத் தேடலையே கைவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். கத்தோலிக்கப் பதிவேடுகள் அந்தக் கட்டடத்திலேயே இல்லை. அவை பங்குத்தந்தையர் வசம் இருந்தன, தப்பித்தன. பிறப்பு, இறப்பு, திருமணச் சிவில் பதிவுகளும் அங்கே இல்லை. நில மதிப்பீட்டுப் புத்தகங்கள் அச்சில் இருந்தன. 1861, 1871 சென்சஸ் தாள்களை அரசே முன்பே அழித்துவிட்டது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாகப் போயின. இந்த நான்குக்கும் தீயின் மேல் பழி போடக் கூடாது. 1901, 1911 சென்சஸ் இரண்டும் முழுசாக இருக்கின்றன. அயர்லாந்துத் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

எரிந்ததிலும் துண்டுகள் மிச்சம் உண்டு. கேவன் கவுண்டியில் கில்லஷாண்ட்ரா பங்குக்கு 1841 சென்சஸ் பிழைத்திருக்கிறது. தீயின் நூற்றாண்டான 2022-ல் தொடங்கிய ‘வர்ச்சுவல் ரெக்கார்ட் ட்ரெஷரி’ தளம், உலகமெங்கும் கிடக்கும் நகல்களைச் சேர்த்து அந்தக் காப்பகத்தை இணையத்தில் மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறது. மனசுக்கு நிறைவு தரும் வேலை அது.

1901 சென்சஸில் அவருக்கு வயது 56. 1911-ல் 71. மனைவி, பிள்ளைகள் பெயர் எல்லாம் ஒன்றுதான். இது ஒரே ஆளா, வேறு ஆளா?

ஒரே ஆள்தான். நடுவில் முதியோர் ஓய்வூதியம் வந்துவிட்டது! 1908-ல் சட்டம் போட்டு, 1909 ஜனவரி 1 முதல் 70 வயது நிரம்பிய ஏழைகளுக்கு வாரம் அதிகபட்சம் 5 ஷில்லிங் கொடுத்தார்கள். கையில் காசு புழங்காத கிராமத்தில் அது பெரிய தொகை. பிறப்பைப் பதியும் சட்டம் அயர்லாந்தில் 1864-ல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே 1909-ல் எழுபது சொன்ன யாரிடமும் பிறப்புச் சான்றிதழ் இல்லை. அந்தக் காலத்துக் கணக்கில் பத்து வருடத்தில் பதினைந்து வயது கூடியிருந்தால் திகைக்காதீர்கள். பலருக்கு வேண்டுமென்றே பொய் சொல்லும் எண்ணம்கூட இருந்திருக்காது. பிறந்த வருடம் தெரிந்து வைத்துக்கொள்ள அதுவரை ஒரு தேவையும் வரவில்லை, அவ்வளவுதான்.

இதில் உங்களுக்கு ஒரு பெரிய லாபமும் இருக்கிறது. வயதை நிரூபிக்க என்ன வழி? 1841, 1851 சென்சஸில் குழந்தையாகத் தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி மனுப் போட வேண்டும். அந்தத் தாள்கள் அப்போது எரியவில்லை. மனுப் படிவத்தில் அப்பா பெயர், அம்மா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், அன்று குடியிருந்த கவுண்டி, பாரனி (கவுண்டியின் பழைய உட்பிரிவு), பங்கு, டவுன்லாண்ட் வரை எழுதியாக வேண்டும். எழுத்தர் தேடிப் பார்த்து, கண்டதையோ ‘காணவில்லை’ என்பதையோ அதன் மேலேயே குறித்துவிடுவார். சென்சஸ் எரிந்தது, இந்தப் படிவங்கள் நிற்கின்றன. தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் ‘சென்சஸ் சர்ச் ஃபார்ம்ஸ்’ என்ற தலைப்பில் பாருங்கள். உங்களவர் மனுப் போட்டிருந்தால், அவருடைய பெற்றோரின் பெயரும் அவர் குழந்தையாக இருந்தபோது குடியிருந்த ஊரும் ஒரே தாளில் கிடைத்துவிடும்.

1911 படிவத்தில் ‘பிறந்த குழந்தைகள் 11, உயிரோடு இருப்பவர் 6’ என்று இருக்கிறது. அந்த ஐந்து பேரைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். கண்டுபிடிக்கவும் வேண்டும் என்பேன். வேறு எங்கும் பேசப்படாமல் போன குழந்தைகள் அவர்கள்.

அதே படிவத்தில் திருமணமாகி எத்தனை வருடம் என்ற கேள்வியும் உண்டு. அதிலிருந்து திருமண வருடத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அரசின் ஐரிஷ் ஜீனியாலஜி தளத்தில் சிவில் பதிவேட்டுப் பக்கங்களே படமாக இலவசமாக இருக்கின்றன: பிறப்பு 100 வருடம், திருமணம் 75, இறப்பு 50 வருடம் கழிந்தவை. பிறப்புப் பதிவில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கும், அதை வைத்து வருடம் வருடமாகப் பார்த்து வாருங்கள். அதே பதிவு மாவட்டத்தில் ஐந்து வயதுக்குள் இறந்த பிள்ளைகளையும் பாருங்கள். இறப்புப் பதிவில் பெற்றோர் பெயருக்குத் தனிக் கட்டம் கிடையாது. ஆனால் தகவல் கொடுத்தவர் யார், இறக்கும்போது அருகில் இருந்தவர் யார் என்று எழுதியிருக்கும். குழந்தை என்றால் அது பெரும்பாலும் அப்பாவோ அம்மாவோதான். எழுதத் தெரியாதவராக இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி மட்டும் இருக்கும்.

ஒரே வீட்டில் இரண்டு பிரிட்ஜெட், இரண்டு பாட்ரிக் பதிவானால் தப்பு என்று தள்ளிவிடாதீர்கள். முதல் குழந்தை போனபின் அடுத்ததற்கு அதே பெயரை வைப்பது வழக்கம். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர் என்று ஒரு முறை இருந்ததால், அந்தப் பெயர் வீட்டில் இருந்தாக வேண்டும்.

பங்குப் பதிவேடு லத்தீனில் இருக்கிறது. அதோடு அதில் ஞானஸ்நானம் ஏப்ரல் 3, அரசுப் பதிவில் பிறப்பு ஏப்ரல் 20 என்று வருகிறது. பிறப்பதற்கு முன் எப்படி ஞானஸ்நானம்?

கோவில் தேதியை நம்புங்கள். குழந்தை தங்குமோ தங்காதோ என்ற பயத்தில் பிறந்த ஓரிரு நாளிலேயே கோவிலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அரசுப் பதிவாளரிடம் போவது வேலை ஒழிந்தபோதுதான். கெடு தாண்டிப் போனால் அபராதம் என்பதால், பிறந்த தேதியையே கொஞ்சம் தள்ளிச் சொல்லிவிடுவார்கள்.

லத்தீனுக்குப் பயப்பட வேண்டாம், பத்து இருபது சொல்தான் திரும்பத் திரும்ப வரும். ஜேக்கோபுஸ் என்றால் ஜேம்ஸ், குலியெல்முஸ் என்றால் வில்லியம், யோஹான்னெஸ் என்றால் ஜான், யூஜீனியுஸ் என்றால் பெரும்பாலும் ஓவன். ஊரில் அவரை யாரும் லத்தீன் பெயரில் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். ஞானப் பெற்றோர் பெயரைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சித்தப்பா, அத்தை, மாமா உறவாகத்தான் இருப்பார்கள். திருமணப் பதிவில் ‘கொன்சாங்குயினிதாதிஸ்’ என்று தொடங்கும் சொல்லும் பக்கத்தில் மூன்று அல்லது நான்கு என்ற எண்ணும் இருந்தால், மாப்பிள்ளையும் பெண்ணும் இரத்த உறவு, ஆயரிடம் விலக்கு வாங்கிக் கட்டியிருக்கிறார்கள் என்று பொருள். இரண்டு தலைமுறை மேலே போக அது ஒரு வாசல். திருமணத்தைப் பெண் வீட்டுப் பங்கில் தேடுங்கள். தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது என்பதால் அதற்கு முந்தைய வாரங்களில் கூட்டம் கூட்டமாக நடந்திருக்கும்.

அயர்லாந்துத் தேசிய நூலகம் 2015-ல் 1,000-க்கும் மேற்பட்ட கத்தோலிக்கப் பங்குகளின் பதிவேடுகளை இணையத்தில் இலவசமாக வைத்தது. ஏறக்குறைய 1880 வரை உள்ளவை. அந்தத் தளத்தில் பெயர் தட்டித் தேட முடியாது. பங்கைத் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும்.

மருமகள் வீட்டுக் குடும்பப் பெயர் ஸ்மித். கேவன் கவுண்டி. அப்படியென்றால் இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்களா?

அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். கேவனில் ஸ்மித் என்பவர்களில் நிறையப் பேர் மாக் கவன் என்ற உள்ளூர்க் கேலிக் குலம். அயர்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் ‘கவன்’ என்றால் கொல்லன், ஆங்கிலத்தில் அதுவே ஸ்மித். எழுத்தர் எப்படிக் கேட்டாரோ அப்படி எழுதினார். ஒரே குடும்பம் ஒரு பதிவில் ஸ்மித், இன்னொன்றில் மெகவன் என்று வரலாம். ‘ஓ’, ‘மாக்’ முன்னொட்டுகளும் அப்படித்தான், விட்டும் சேர்த்தும் தேடுங்கள்.

கிரிஃபித் மதிப்பீட்டில் எங்கள் டவுன்லாண்டில் ஒரே பெயரில் இரண்டு பேர். எவர் எங்களவர்?

ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் 1847 முதல் 1864 வரை அச்சான இந்த நில மதிப்பீட்டில், ஒரே பெயர்க்காரர்களைப் பிரிக்கப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அப்பா பெயரைப் போட்டிருப்பார்கள். முதலில் அது இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் வரிசை எண்ணைக் கூட வரும் வரைபடத்தில் பொருத்தி எந்த வயல் யாருடையது என்று பாருங்கள். அப்புறம் திருத்தப் புத்தகங்களுக்குப் போங்கள். நிலம் கை மாறும்போதெல்லாம் பழைய பெயரை அடித்து, வேறு நிற மையில் புதுப் பெயரையும் வருடத்தையும் எழுதுவார்கள். பெயர் மாறிய வருடத்தை ஒட்டி இறப்புப் பதிவைத் தேடினால் பெரும்பாலும் ஆள் கிடைத்துவிடுவார். இல்லையென்றால் கப்பல் ஏறியிருப்பார். அதற்கு முந்தைய தலைமுறைக்கு 1823 முதல் 1837 வரையிலான தசமபாகப் புத்தகங்கள் (திருச்சபைக்காக விளைநிலத்தின் மேல் போட்ட வரிப் பட்டியல்) உண்டு. அவற்றில் நகரவாசிகள் இருக்க மாட்டார்கள்.

பெல்ஃபாஸ்ட் பக்கத்துக் குடும்பம். டப்ளின் தளங்களில் கிடைக்குமா?

1921 வரையிலான சிவில் பதிவுகளும் இரண்டு சென்சஸ்களும் கிடைக்கும், அப்போது தீவு ஒரே நிர்வாகம். அதன் பிறகு வட அயர்லாந்தின் ஆறு கவுண்டிகளுக்கும் பதிவாளர் அலுவலகமும் காப்பகமும் பெல்ஃபாஸ்டில் தனி. நில மதிப்பீட்டுத் திருத்தப் புத்தகங்களை அந்தக் காப்பகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது.

கட்டணத் தளத்துக்குப் பணம் கட்டலாமா?

இலவசமானதை முடித்துவிட்டு, கவுண்டியாவது உறுதியான பிறகு கட்டுங்கள். ரூட்ஸ் அயர்லாந்து என்ற கட்டணத் தளத்தில் கவுண்டிகளின் வம்சாவளி மையங்கள் பதிவேடுகளை எழுத்தில் ஏற்றியிருப்பதால் பெயர் தட்டித் தேடலாம். அது பெரிய உதவி. ஒரு மாதத்துக்கு மட்டும் எடுத்து, கேள்விகளை முன்பே எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். கிளேர் கவுண்டிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். அந்தக் கவுண்டி நூலகமே ஏராளமான பதிவுகளை இலவசமாக இணையத்தில் ஏற்றியிருக்கிறது.

அடுத்த கோடையில் நேரில் போகிறோம். எங்கே போவது?

கவுண்டி நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவுக்கு முதலில் போங்கள். பழைய பத்திரிகைகள், கல்லறைக் கல்வெட்டுப் பட்டியல்கள், நிலக்கிழார் கணக்குகள் எது எங்கே என்று அங்கே சொல்வார்கள். பழைய தாளில் கிங்ஸ் கவுண்டி என்று இருந்தால் இன்றைய வரைபடத்தில் ஆஃபலி, குவீன்ஸ் கவுண்டி என்றால் லீஷ். தேசிய நூலகம் இணையத்தில் வைத்ததற்குப் பிந்தைய பங்குப் பதிவேடுகளை அந்தப் பங்கிலேயே கேட்க வேண்டும். பங்குத்தந்தைக்குச் சில வாரம் முன்பே, பெயர், தோராயமான வருடம், டவுன்லாண்ட் மூன்றையும் போட்டு எழுதிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்தில் போய்க் கதவைத் தட்ட வேண்டாம். தேடித் தந்தால் கோவிலுக்கு ஒரு சிறு காணிக்கை கொடுத்துவிட்டு வாருங்கள்.