4294967297 பகா எண்ணா? வகுப்பதை எங்கே நிறுத்துவது?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு டியூஷனில் 4294967297-இன் காரணிகளைக் கால்குலேட்டர் இல்லாமல் கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். 97 வரை எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்துவிட்டான், எதிலும் மீதியில்லாமல் போகவில்லை. பகா எண் என்றே எழுதிவிடலாமா?

பதில்: எழுத வேண்டாம். ஓர் எண்ணைப் பகா எண் என்று சொல்ல, அதன் வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்த்தாக வேண்டும். இங்கே அது ஏறக்குறைய 65,536. அதற்குள் 6,542 பகா எண்கள் இருக்கின்றன. பாவம், பையன் 25-தான் முடித்திருக்கிறான்.

7, 11, 13 மூன்றுக்கும் தனித்தனியாக வகுத்திருப்பான். அது தேவையில்லை. 7×11×13 = 1001 என்பதால், எண்ணை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாக வெட்டி (நம் லட்சம், கோடிக் காற்புள்ளி இதற்கு உதவாது), மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டினால் போதும்: 297 − 967 + 294 − 4 = −380. 380 இந்த மூன்றாலும் வகுபடாது. ஒரே கணக்கில் மூன்றும் கழிந்தன.

இனிமேல் கண்ணை மூடிக்கொண்டு வகுக்காமல், எண் எங்கிருந்து வந்தது என்று பார்க்கட்டும். ஒன்றைக் கழித்தால் 4294967296. கம்ப்யூட்டர்காரர்களுக்குப் பழகிய எண்தான், 2³². ஆக, நம் எண் 2³² + 1. 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்து, ஒன்றைக் கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 என்ற வரிசையில் அடுத்தது இது. அந்த ஐந்தும் பகா எண்கள் என்பதால் இதுவும் அப்படித்தான் என்று 17-ஆம் நூற்றாண்டில் கணித மேதை பெர்மா நம்பினார். 1732-இல் இன்னொரு கணித மேதை ஆய்லர் அதை உடைத்தார்.

இந்த எண்ணை ஒரு பகா எண் வகுத்தால், அது 64-இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டியதாகத்தான் இருக்க முடியும். இதை நிரூபிக்க உதவுவது பெர்மாவின் சிறிய தேற்றமே (p என்ற பகா எண்ணால் வகுபடாத எண்ணை p−1 அடுக்குக்கு ஏற்றி p-ஆல் வகுத்தால் மீதி 1) என்பதுதான் வேடிக்கை! 65, 129, 193, 257 என்று 64 கூட்டிக்கொண்டே போய், பகா எண்களை மட்டும் எடுத்தால் 193, 257, 449, 577, 641. முதல் நான்கும் வகுக்காது. ஐந்தாவது வகுக்கும்.

641-ஐ நீளமாக வகுக்காமலும் காட்டலாம். 641 = 5×2⁷ + 1. அதாவது 641-ஆல் வகுத்தால் 5×2⁷-க்கு மீதி −1 (641-இன் மடங்குக்கு ஒன்று குறைவு என்று பொருள்). நான்காம் அடுக்குக்கு ஏற்றினால், 5⁴×2²⁸-க்கு மீதி 1. ஆனால் 5⁴ = 625 = 641 − 16, அதன் மீதி −2⁴. அதைப் போட்டால் −2³²-க்கு மீதி 1, அதாவது 2³²-க்கு மீதி −1. ஒன்றைக் கூட்டினால் மீதி பூஜ்ஜியம். மூன்று வரியில் முடிந்துவிடும்.

வகுத்தால் ஈவு 6700417. இதுவும் உடையுமா? இதன் வர்க்கமூலம் 2588-ஐ ஒட்டி வருகிறது. அதே 64 விதி இதற்கும் பொருந்தும், 641-க்குக் கீழே உள்ளவை ஏற்கெனவே கழிந்துவிட்டன. மிச்சம் 641, 769, 1153, 1217, 1409, 1601, 2113 ஆகிய ஏழுதான். (நடுவில் ராமானுஜனின் 1729-உம் தலைகாட்டும். 7×13×19 என்பதால் அதை விட்டுவிடலாம்.) ஏழில் ஒன்றும் வகுக்காது, ஆகவே 6700417 பகா எண்.

நோட்டில் 641 × 6700417 என்று எழுதி, அந்த ஏழு வகுத்தல்களையும் பக்கத்தில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் விடை பாதிதான்.