17,000 பி.டி.யூ., 4,000 கிலோ கலோரி, 3 கிலோவாட்: 2,000 குஞ்சுகளுக்கு எந்தப் புரூடர் போதும்?

கேள்வி: ஓசூரை அடுத்த தளிப் பகுதியில் நாட்டுக்கோழி வளர்க்கிறேன். இதுவரை ஆயிரம் குஞ்சுகளுக்கு 200 வாட் குண்டு பல்புகள் பத்து போட்டு வெப்பம் கொடுத்தேன். இந்த மார்கழியில் 2,000 குஞ்சுகள் இறக்கப் போகிறேன். கடையில் ஒரு கேஸ் புரூடரின் (குஞ்சுகளுக்குச் சூடு தரும் கருவி) தகட்டில் 17,000 பி.டி.யூ. என்றும், இன்னொன்றில் 4,000 கிலோ கலோரி என்றும், மின் ஹீட்டரில் 3 கிலோவாட் என்றும் போட்டிருக்கிறது. பெரிய எண் உள்ளதையே வாங்கலாமா? ஒரு சிலிண்டர் எத்தனை நாள் வரும்? கடைக்காரர், '60 வாட்டுக்குச் சமம்' என்று 9 வாட் எல்.இ.டி. பல்பையும் தருகிறார். அது உதவுமா?

பதில்: வணக்கம் ஐயா. தகட்டில் உள்ள எண் பெரிதா சிறிதா என்று பார்த்து வாங்க வேண்டாம். மூன்று தகடுகளும் வெப்பத் திறனையே சொல்கின்றன; அளக்கும் அலகுதான் வேறு. ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு டிகிரி பாரன்ஹீட் சூடாக்கத் தேவைப்படும் வெப்பம் ஒரு பி.டி.யூ.; ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்கத் தேவைப்படுவது ஒரு கிலோ கலோரி. பி.டி.யூ. மிகச் சிறிய அலகு என்பதால்தான் அதில் எழுதும்போது எண் பெரிதாகத் தெரிகிறது. தகட்டில் எழுதாமல் விட்டிருந்தாலும், புரூடரைப் பொறுத்தவரை இவ்விரண்டையும் 'ஒரு மணி நேரத்துக்கு' என்றே கொள்ள வேண்டும்.

நினைவில் வைக்க வேண்டிய கணக்கு ஒன்றுதான்: 1 கிலோவாட் என்பது மணிக்கு 860 கிலோ கலோரி, அல்லது 3,412 பி.டி.யூ. இதன்படி 17,000-ஐ 3,412-ஆல் வகுத்தால் முதல் புரூடர் ஏறக்குறைய 5 கிலோவாட். 4,000-ஐ 860-ஆல் வகுத்தால் இரண்டாவது 4.65 கிலோவாட். ஆக, 17,000-க்கும் 4,000-க்கும் உள்ள உண்மையான வித்தியாசம் நூற்றுக்கு ஏழு அளவுதான். மின் ஹீட்டர் 3 கிலோவாட்தான்.

குளிர்காலத்தில் குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் என்பது வழக்கமாகக் கொள்ளும் கணக்கு. நீங்கள் ஆயிரம் குஞ்சுகளுக்குப் பத்துப் பல்பு போட்டதும் அதே அளவுதான். அப்படியானால் 2,000 குஞ்சுகளுக்கு 4 கிலோவாட் தேவை; மின் ஹீட்டர் தனியாகப் போதாது, நாள் முழுவதும் ஓடினால் 72 யூனிட் மின்சாரமும் ஆகும். கேஸ் புரூடரில் ஒன்றே கணக்குக்குப் போதும் என்று தோன்றும். ஆயினும் தளியின் மார்கழிப் பனியில் வெப்பத்தில் கணிசமான பங்கு கூரைக்கு ஏறிவிடும் என்பதாலும், ஒரே புரூடர் நள்ளிரவில் அணைந்துவிட்டால் 2,000 குஞ்சுகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெரிந்து சாகும் என்பதாலும், 4,000 கிலோ கலோரிப் புரூடர்கள் இரண்டை, ஆயிரம் குஞ்சுகளுக்கு ஒன்றாகத் தொங்கவிட்டு, தீயைக் குறைத்து எரிப்பதையே பரிந்துரைக்கிறேன். பழைய குண்டு பல்புகளை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. 'சமம்' என்பது வெளிச்சத்துக்கு மட்டுமே பொருந்தும். 9 வாட் பல்பு 9 வாட் வெப்பத்துக்கு மேல் தராது.

சிலிண்டர் கணக்குக்கு வருவோம். சமையல் எரிவாயு கிலோவுக்குச் சுமார் 11,000 கிலோ கலோரி தரும். 19 கிலோ வணிகச் சிலிண்டரில் உள்ள வெப்பம் சுமார் 2,09,000 கிலோ கலோரி. அதை 4,000-ஆல் வகுத்தால் முழுத் தீயில் 52 மணி நேரம் வரும். பாதித் தீயில் எரித்தால் நான்கு நாளுக்குச் சற்று அதிகம். இரண்டு புரூடர்களையும் ஒரே சிலிண்டரில் இணைத்து முழுத் தீயில் எரித்தால் இரவில் சிலிண்டரின் வெளிப்புறம் பனி பூத்து அழுத்தம் குறையக்கூடும்; ஆளுக்கொரு சிலிண்டராக இணைப்பதே நல்லது.

தகட்டில் உள்ள திறன் அப்படியே கிடைக்கும் என்றும் நம்பிவிடக் கூடாது. குறிப்பிட்ட அழுத்தத்தில் எரித்தால்தான் அந்த எண் பொருந்தும். ரெகுலேட்டர் தரும் அழுத்தம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால் வெப்பம் பாதியாகிவிடும். ஆகவே குஞ்சு இறக்குவதற்கு முன்பே, தீவன மூட்டை எடைபோடும் தராசில் சிலிண்டரை எடைபோட்டு, முழுத் தீயில் 12 மணி நேரம் எரித்து, மீண்டும் எடைபோடுங்கள். உதாரணமாக 4.2 கிலோ குறைந்திருந்தால் மணிக்கு 350 கிராம் எரிந்திருக்கிறது, 0.35-ஐ 11,000-ஆல் பெருக்கினால் 3,850 கிலோ கலோரி, அதாவது 4.5 கிலோவாட். எந்தத் தகட்டையும் விட இந்தக் கணக்கை நான் நம்புவேன்.

முதல் வாரத்தில் குஞ்சின் முதுகு உயரத்தில் 95 டிகிரி பாரன்ஹீட், அதாவது 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். பிறகு வாரம் 5 டிகிரி பாரன்ஹீட் வீதம் குறைக்க வேண்டும். இந்தக் குறைப்பைச் செல்சியஸில் மாற்றும்போது 32-ஐக் கழிக்கக் கூடாது, 5-ஐ 1.8-ஆல் வகுத்து, 2.8 டிகிரி என்று கொள்ள வேண்டும். குஞ்சுகள் புரூடருக்கு அடியில் குவிந்து கத்தினால் வெப்பம் போதவில்லை. வாயைத் திறந்து மூச்சிரைத்து, குஞ்சுகளைச் சுற்றிக் கட்டிய தடுப்பு வளையத்தின் ஓரம் ஒதுங்கினால் அதிகம்.

கேஸ் புரூடரைப் பல்பைப் போல மூடிய கொட்டகையில் எரிக்க முடியாது. ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவியும், சுமார் மூன்று கிலோ கரியமில வாயுவும் வெளிவரும். இரண்டு புரூடர்கள் பாதித் தீயில் ஒரு நாள் எரிந்தால் சுமார் 14 லிட்டர் தண்ணீரைக் கொட்டகைக்குள் ஊற்றியதற்குச் சமம். அந்த ஈரம் ஆழ்கூளத்தில் (தரையில் பரப்பிய உமி, மரத்தூள் படுக்கை) இறங்கினால் அம்மோனியா வாடை எழும். குஞ்சுகளின் கண்ணும் மூச்சும் கெடும். குளிருக்குப் பயந்து படுதாவை முழுவதும் இறக்கிக் கட்டாமல், இரு பக்கமும் மேலே ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்டுங்கள்.