தடித்த ரப்பரை நேராக அறுக்க

கேள்வி: என் வீட்டுப் பட்டறையில் உள்ள கடைசல் இயந்திரத்தின் கால்களுக்கு அடியில் அதிர்வு தாங்கும் திண்டுகள் வைப்பதற்காக 25 மி.மீ. தடிமனுள்ள ரப்பர் ஷீட் வாங்கினேன். கட்டரால் அழுத்தி அறுத்தால் பிளேடு பாதியில் சிக்கிக்கொள்கிறது; அறுந்த ஓரமும் நடுவில் குழிந்துவிடுகிறது. பிளேடைச் சூடாக்கி அறுக்கும்படி நண்பர் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா? (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: தயவுசெய்து சூடாக்காதீர்கள். கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர் பிளாஸ்டிக்கைப் போல உருகி வழிவிடாது. கருகிப் பிசுபிசுத்து பிளேடில் ஒட்டிக்கொள்ளும். கருகும்போது வரும் புகையில் கந்தக டை ஆக்சைடு இருக்கும். ஷீட் நியோப்ரீனாக (குளோரின் அடங்கிய செயற்கை ரப்பர்) இருந்தால் ஹைட்ரஜன் குளோரைடும் வரும். மூடிய அறையில் இவற்றைச் சுவாசிக்கவே கூடாது.

உங்கள் இரண்டு தொல்லைகளுக்கும் அழுத்தமே காரணம். ரப்பரை எவ்வளவு அழுத்தினாலும் அதன் கன அளவு ஏறக்குறைய மாறுவதில்லை என்பதால், கத்திக்கு அடியில் நசுங்கும் பகுதி பக்கவாட்டில் பிதுங்குகிறது. பிதுங்கிய நிலையில் அறுபட்ட ஓரம், அழுத்தம் நீங்கியதும் உள்வாங்கிக் குழிந்து நிற்கிறது. அதோடு, வெட்டின் இரு சுவர்களும் பிளேடை இரண்டு பக்கமும் இறுகப் பற்றிக்கொள்கின்றன.

இந்தப் பிடியைத் தளர்த்தச் சோப்புத் தண்ணீரே போதும். எங்கள் தெருமுனையில் செருப்புத் தைக்கும் பெரியவர், ரப்பர் அடிப்பாகத்தை அறுக்கும்போது கத்தியைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு அறுப்பதைச் சிறுவயதில் பார்த்து நின்றிருக்கிறேன். தண்ணீருக்குப் பதிலாக எண்ணெயோ மண்ணெண்ணெயோ தடவாதீர்கள். இயற்கை ரப்பர் அவற்றை உறிஞ்சி ஊதிவிடும்.

இரும்பு அளவுகோலை ஷீட்டின் மேல் கிளாம்பால் இறுக்கி, புதிய பிளேடால் முதலில் 2 மி.மீ. ஆழத்துக்கு மட்டும் ஒரு கோடு கீறுங்கள். அடுத்தடுத்த கீறல்களுக்கு அதுவே வழிகாட்டியாக அமையும். பின்னர், கோட்டுக்கு நேர் அடியில் ஒரு மெல்லிய கம்பியை வைத்து ஷீட்டைச் சற்றே வளைத்தால் வெட்டு தானாக வாய் திறக்கும். அந்தத் திறப்பில் சோப்புத் தண்ணீரை விட்டு, பிளேடைச் செங்குத்தாகப் பிடித்து, அழுத்தாமல் நீளமாக இழுத்து இழுத்து, ஒவ்வொரு முறையும் 3 மி.மீ. அளவே இறங்குங்கள். எட்டு, பத்து இழுப்புகள் ஆகலாம். அவசரப்பட்டு அழுத்தினால் மறுபடியும் குழிவிழும். இரு பக்கத்திலிருந்தும் அறுத்து நடுவில் சந்திக்க வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் சந்திக்கும் இடத்தில் படி விழாமல் இருப்பது அரிது.

ஃப்ரீஸரில் வைத்து இறுக்கலாம் என்று சிலர் நம்புகிறார்கள். இயற்கை ரப்பர் கண்ணாடியைப் போல இறுகுவது ஏறத்தாழ மைனஸ் 70 டிகிரி செல்சியஸில். வீட்டு ஃப்ரீஸரின் மைனஸ் 18 டிகிரி அதற்குப் போதாது.

கேள்வி: அதே ஷீட்டில் போல்ட்டுக்காக டிரில்லால் துளையிட்டால், துளை கிழிந்து சிறுத்துவிடுகிறதே?

பதில்: முறுக்கு டிரில் ரப்பரை அறுக்காமல் இழுத்துக் கிழிக்கிறது, இழுபட்ட ரப்பர் திரும்பச் சுருங்குவதால் துளை சிறிதாகிறது. தேவையான விட்டமுள்ள இரும்புக் குழாயின் வாயை வெளிப்புறமாகச் சாணை பிடித்துக் கூராக்கி, நிலை டிரில்லில் (தாங்கியில் நிலையாக நின்று செங்குத்தாக இறங்கும் டிரில்) பொருத்துங்கள். ஷீட்டை ஒரு மரப்பலகையின் மேல் கிளாம்பால் இறுக்கிக் கட்டி, சோப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, குறைந்த வேகத்தில் சுழலவிட்டு மெல்ல இறக்குங்கள். ரப்பரைக் கையால் பிடிக்காதீர்கள். குழாய் பற்றிக்கொண்டால் ஷீட்டையே சுழற்றிவிடும்.