நீர்க்கட்டியும் கருமுட்டை வெடிக்கும் நாளும்

சகோதரி, மாதவிலக்கு 45 நாள், 60 நாள் என்று தள்ளிப்போகிறது, முட்டை வெடிக்கும் நாளைக் காட்டும் கிட்டில் ஒரு வாரமாகப் பாசிட்டிவ் வருகிறது, ஆனாலும் எட்டு மாதமாகக் கரு தங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அந்தக் கிட்டை ஓரம் வையுங்கள். அது முட்டையை வெடிக்கத் தூண்டும் எல்ஹெச் ஹார்மோனைத்தான் பார்க்கிறது. பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ள பலருக்கு அந்த ஹார்மோன் எப்போதுமே கொஞ்சம் கூடுதலாக இருக்கும். முட்டை வெடிக்காமலேயே கோடு விழும். நானும் அப்படிப் பல பெட்டி வாங்கி ஏமாந்தவள்தான்.

பொதுவாக, முட்டை வெடித்து ஏறத்தாழ இரண்டு வாரத்தில் மாதவிலக்கு வரும். உங்களுக்கு இழுத்தடிப்பது அதற்கு முந்தைய பாதி. அதனால் 14ஆம் நாளில் முட்டை வெடிக்கும் என்ற கணக்கு வேண்டாம். இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருந்தால் போதும். முட்டை வெடித்ததா என்று பார்க்கும் 21ஆம் நாள் புரொஜெஸ்டிரோன் ஹார்மோன் பரிசோதனையும் 28 நாள் சுழற்சிக்கானது. உங்களுக்கு அடுத்த மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்னால் எடுத்தால்தான் அர்த்தம்.

ஒரு வருடம் முயன்றுவிட்டு வாருங்கள் என்பது சுழற்சி சீராக இருப்பவர்களுக்குச் சொல்வது. நீங்கள் இப்போதே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். முட்டை வளர லெட்ரோசோல் மாத்திரைதான் இன்று பெரும்பாலும் முதல் தேர்வு. ஸ்கேனில் கவனித்தபடி தருவார்கள். தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்), சர்க்கரை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். எடை கூடுதலாக இருந்தால் 5 சதவீதம் குறைந்தாலே சிலருக்குச் சுழற்சி திரும்பும். ஒல்லியாக இருந்தால் இதை விட்டுவிடுங்கள். ஃபோலிக் அமிலம் தினமும் 400 மைக்ரோகிராம், இன்றே ஆரம்பிக்கலாம்.

அப்புறம், கணவரின் விந்துப் பரிசோதனை. அதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள்.