பாலும் ஆப்பிளும் போன இடம்

கேள்வி: ஜார்ஜ் ஆர்வெலின் ‘விலங்குப் பண்ணை’ நாவலில் ஸ்னோபால் விரட்டப்படாமல் இருந்திருந்தால் பண்ணை உருப்பட்டிருக்கும் என்று எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒருவர் வாதிட்டார். ஆர்வெலின் கருத்தும் அதுதானா?
– முதுகலை மாணவி, திருநெல்வேலி

பதில்: பண்ணையாரை விரட்டிய விலங்குகளுக்குத் தலைமை ஏற்கும் இரு பன்றிகளில், ஸ்னோபால் ரஷ்யப் புரட்சித் தலைவர் ட்ராட்ஸ்கியின் சாயல், நெப்போலியன் அவரை வீழ்த்திய ஸ்டாலினின் சாயல் என்பதில் ஐயமில்லை. நெப்போலியன் ஒன்பது நாய்களை ஏவி ஸ்னோபாலை வேலிக்கு அப்பால் துரத்தும் காட்சி, 1929-இல் ட்ராட்ஸ்கி சோவியத் நாட்டை விட்டே வெளியேற்றப்பட்டதை நினைவூட்டுகிறது. காற்றாலை கட்டலாமா வேண்டாமா என்ற சண்டையும் அவர்கள் இருவருக்கும் இடையே நடந்த பூசலின் எதிரொலியே. ஆனால் நண்பரின் முடிவை நாவல் ஏற்கவில்லை.

இரண்டாம் அத்தியாயத்தைத் திரும்பப் படியுங்கள். பண்ணையார் ஜோன்ஸை விரட்டிய மறுநாள், மடி கனத்து நிற்கும் பசுக்களிடமிருந்து ஐந்து வாளி நுரைத்த பால் கறக்கப்படுகிறது. அந்தப் பாலை என்ன செய்வது என்று ஒரு விலங்கு கேட்கிறது. ஜோன்ஸ் சில சமயம் எங்கள் தீவனத்தில் கொஞ்சம் கலப்பார் என்று ஒரு கோழி சொல்கிறது. பாலைப் பற்றிக் கவலை வேண்டாம், அறுவடைதான் முக்கியம் என்று கூறி நெப்போலியன் எல்லாரையும் வயலுக்கு அனுப்புகிறது. மாலையில் திரும்பி வந்தால் வாளிகள் காலி. அந்தப் பால் நாள்தோறும் பன்றிகளின் கூழில் கலக்கப்படுகிறது என்பது பிறகுதான் தெரிய வருகிறது. தோப்பில் காற்றுக்கு உதிர்ந்த ஆப்பிள்களும் பன்றிகளுக்கே என்று அடுத்து ஆணை வருகிறது. எல்லாவற்றிலும் முட்டி மோதிக்கொள்ளும் ஸ்னோபாலும் நெப்போலியனும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போகின்றன என்று ஆர்வெல் போகிறபோக்கில் எழுதிவிட்டுக் கடந்துவிடுகிறார். மூளை உழைப்பாளிகளான எங்களுக்குப் பால் பிடிக்கவே பிடிக்காது, உங்கள் நன்மைக்காகத்தான் குடிக்கிறோம், நாங்கள் கடமை தவறினால் ஜோன்ஸ் திரும்பி வந்துவிடுவார் என்று பன்றிகளின் பிரசாரகனான ஸ்குவீலர் விளக்கம் கொடுத்ததும் யாரும் வாயைத் திறப்பதில்லை.

கதையின் திருப்புமுனை இந்த இடம்தான் என்று 1946 இறுதியில் அமெரிக்க இதழாசிரியர் ட்வைட் மெக்டொனால்டுக்கு எழுதிய கடிதத்தில் ஆர்வெலே குறிப்பிட்டார். பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் ‘க்ரோன்ஸ்டாட்’ என்றும் எழுதினார். பெட்ரோகிராடை (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) அடுத்த அந்தக் கடற்படைத் தளத்தின் மாலுமிகள் 1917 ரஷ்யப் புரட்சியின் முன்னணிப் படையாக இருந்தவர்கள். 1921-இல் அவர்களே சோவியத்துகளுக்கு (தொழிலாளர் மன்றங்களுக்கு) இரகசிய வாக்கெடுப்பில் புதிய தேர்தல் வேண்டும், உழைக்கும் மக்கள் அனைவருக்கும் உணவுப் பங்கீடு சமமாக இருக்க வேண்டும் என்று கோரி எழுந்தபோது, அரசின் செஞ்சேனை உறைந்த கடலைக் கடந்து சென்று அவர்களை ஒடுக்கியது. அப்போது போர்த்துறைக்குப் பொறுப்பாக இருந்தவர் ட்ராட்ஸ்கி. ஸ்டாலின் கட்சியின் பொதுச் செயலாளர் ஆனதோ அதற்கு அடுத்த ஆண்டில். ஆகவே ஸ்னோபால் நல்ல பன்றி, நெப்போலியன் கெட்ட பன்றி என்று பிரித்துப் பார்ப்பவர்கள் காலியான வாளிகளைக் கவனிக்கத் தவறுகிறார்கள் என்பேன். மற்ற விலங்குகள் அன்றே அழுத்தமாக மறுத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்பதுதான் ஆர்வெலின் கணக்கு.

கேள்வி: மார்க்ஸ், ஸ்டாலின், ட்ராட்ஸ்கி எல்லாரும் இருக்கும் நாவலில் லெனின் எங்கே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: தனிப் பாத்திரமாக இல்லை. புரட்சிக் கனவை விதைத்துவிட்டு இறந்துபோகும் கிழப்பன்றி மேஜரின் போதனை மார்க்ஸை ஒத்தது. ஆனால் அதன் மண்டையோட்டைத் தோண்டியெடுத்துக் கொடிக்கம்பத்தடியில் வைத்து, விலங்குகள் அதற்கு மரியாதை செலுத்தி வரிசையாகக் கடந்து செல்ல வேண்டும் என்று விதிக்கிறார்களே, அது மாஸ்கோவின் செஞ்சதுக்கத்தில் பதப்படுத்தி வைக்கப்பட்ட லெனினின் உடலைக் குறிப்பது.

கேள்வி: இதைச் சோசலிசத்துக்கு எதிரான நூல் என்று இடதுசாரிகள் ஒதுக்குவதும் மற்றவர்கள் கொண்டாடுவதும் நியாயமா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: இரு தரப்பும் ஒரே தவற்றைச் செய்கின்றன. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் ஸ்டாலினை ஏற்காத மார்க்சியக் கட்சி ஒன்றின் படையில் சேர்ந்து போரிட்டு, 1937-இல் கழுத்தில் குண்டடி பட்டவர் ஆர்வெல். சோவியத் ஆதரவாளர்கள் அதே படையினரைப் பாசிஸ்டுகளின் கையாட்கள் என்று பழி சுமத்தி வேட்டையாடத் தொடங்கியதும் தப்பி வந்தவரும் அவரே. இறுதிவரை அவர் தம்மைச் சோசலிஸ்டாகவே கருதினார்.

இரண்டாம் உலகப் போரில் சோவியத் யூனியன் பிரிட்டனின் கூட்டாளியாக இருந்ததால், 1944-இல் கையெழுத்துப் பிரதியைப் பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. ஃபேபர் பதிப்பகத்தின் சார்பில் கவிஞர் டி.எஸ். எலியட் எழுதிய பதில் சுவையானது: பன்றிகளே அறிவில் சிறந்தவை, எனவே பண்ணையை நடத்தவும் அவையே தகுதியானவை, தேவைப்படுவது பொதுநல உணர்வுள்ள பன்றிகள்தாம் என்று அவர் வாதிட்டார். ஸ்குவீலரின் தர்க்கத்தை இவ்வளவு கண்ணியமாக வேறு எவரும் எழுதியதில்லை! நூல் ஒருவழியாக 1945 ஆகஸ்டில் வெளிவந்தது.

கொண்டாடியவர்களுக்கு நாவலின் முடிவு உறுத்தியது. டெஹ்ரானில் ஸ்டாலின், சர்ச்சில், ரூஸ்வெல்ட் மூவரும் சந்தித்த 1943 மாநாட்டை அடுத்து எழுதப்பட்ட அந்தக் காட்சியில், பன்றிகளும் மனிதர்களும் ஒரே மேசையில் சீட்டாடுகிறார்கள். நெப்போலியனும் அண்டைப் பண்ணையார் பில்கிங்டனும் ஒரே நேரத்தில் ஸ்பேட் ஏஸைப் போட்டுச் சண்டையிடுகிறார்கள். வெளியே நிற்கும் விலங்குகளுக்கு எது பன்றி முகம், எது மனித முகம் என்று பிரித்தறிய முடிவதில்லை. மேற்கத்திய முதலாளிகளையும் பன்றிகளோடு ஒரே வரிசையில் அமர்த்தும் இந்த முடிவைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்த முடியாதல்லவா? அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ மறைமுகமாகப் பணம் கொடுத்து 1954-இல் வெளிவந்த அசைபடத்தில், அந்த மேசையிலிருந்து மனிதர்கள் நீக்கப்பட்டார்கள். பன்றிகள் மட்டும் விருந்துண்ண, மற்ற விலங்குகள் திரண்டு வந்து அவற்றை வீழ்த்துவதாகக் கதை மாற்றப்பட்டது.